பயணக் கேள்வி–பதில்: அயர்லாந்தின் மல்லெட் தீபகற்பம்

சென்ற இதழில், அயர்லாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள மல்லெட் தீபகற்பத்தைப் பற்றி இரண்டு பந்திகள் எழுதியிருந்தேன். அதன் பின்னர் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை அந்த ஓர் இடத்தைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகையால் இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அயர்லாந்துக்குப் போய்வந்த என் உறவினர்கள் மோகர் பாறைகளையும் டிங்கிள் தீபகற்பத்தையுமே புகழ்கிறார்கள். நீங்கள் யாரும் கேள்விப்படாத ஓர் இடத்தைச் சொல்கிறீர்கள். அப்படி என்ன இருக்கிறது அங்கே?
— வாசகி, கல்லடி

மேயோ மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் எரிஸ் என்றொரு பிரதேசம் இருக்கிறது. அதன் கடைக்கோடியில், வடக்குத் தெற்காகச் சுமார் 30 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலமே மல்லெட். பெருநிலத்தோடு அது ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் பெல்மல்லெட் என்னும் சிறு பட்டினம் உள்ளது. அந்தப் பட்டினத்தின் ஊடாகப் 19ஆம் நூற்றாண்டில் ஒரு கால்வாயை வெட்டி, வடக்கிலும் தெற்கிலுமுள்ள இரண்டு குடாக்களையும் இணைத்திருக்கிறார்கள். மேற்கே அத்திலாந்திக் சமுத்திரம், கிழக்கே காற்றுக்கு மறைவான பிளாக்சொட் குடா. வாவிக்கும் கடலுக்கும் நடுவே குடியிருக்கும் கல்லடிக்காரருக்கு இந்த அமைப்பை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கத்து நீர் இரைந்துகொண்டிருக்க, மறு பக்கத்து நீர் அமைதியாகக் கிடப்பதை ஒரே மேட்டில் நின்று பார்க்கலாம்.

அழகில் டிங்கிளை மல்லெட் வென்றுவிடும் என்று நான் சொல்லமாட்டேன். மோகர் பாறைகள் 214 மீற்றர் உயரம்வரை எழுந்து நிற்பவை. மல்லெட்டோ பெரும்பாலும் தாழ்ந்த புல்வெளி. உப்புக்காற்றில் மரங்கள் அங்கு நிமிர்ந்து வளர்வதில்லை. வீடுகள் தெருவாக அமையாமல் தத்தம் காணியில் தனித்தனியே சிதறி நிற்கின்றன. ஆனால் அது காட்சிக்கென்று ஒழுங்குபடுத்திய கரை அன்று. ஆடு வளர்த்து, நண்டும் சிங்க இறாலும் பிடித்து, காற்றின் திசையைப் பார்த்து நாளைத் தொடங்குகிற மக்கள் வாழும் கரை. உல்லாசப் பயணிகளின் பேருந்துகள் வரிசையாக வராதபடியால், கடையிலும் துறைமுகத்திலும் நின்று பேசுவதற்கு அங்குள்ளவர்களுக்கு நேரம் இருக்கிறது. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அங்கே போனால் மற்றவர்கள் காணாத பலவற்றைக் காண்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம். இருந்தாலும், அயர்லாந்தில் உங்களுக்கு மூன்று நாட்கள்தான் உண்டு என்றால் மல்லெட்டுக்குப் போகாதீர்கள். பாதி நேரம் வீதியிலேயே போய்விடும். நான்கு இரவுகளாவது ஒரே இடத்தில் தங்க முடிந்தவர்களுக்குத்தான் அந்த ஊர் தன்னைக் காட்டும்.

என் மகன் பிரான்சில் இருக்கிறான். அவனிடம் போவதற்குக் கிடைக்கும் ஷெங்கன் விசாவோடு அயர்லாந்துக்கும் போகலாமா?
— வாசகர், ஏறாவூர்

போக முடியாது. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஆனால் பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசாவைத் தரும் ஷெங்கன் உடன்பாட்டில் இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் அயர்லாந்தின் விசாவைத் தனியாகப் பெற வேண்டும். பிரான்சுக்குத் திரும்பி வரும் எண்ணம் இருந்தால், ஷெங்கன் விசாவில் பலமுறை நுழையும் அனுமதி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரித்தானியக் குடியுரிமை பெற்ற பிள்ளைகள் விசா இல்லாமலே அயர்லாந்துக்குப் போவார்கள்; அதை வைத்து உங்களுக்கும் அப்படித்தான் என்று எண்ணிவிட வேண்டாம்.

டப்ளினிலிருந்து அங்கே எப்படிப் போவது? வாகனம் இல்லாமல் சமாளிக்க முடியுமா?
— வாசகர், கல்முனை

டப்ளினிலிருந்து பெல்மல்லெட் சுமார் 300 கிலோமீற்றர். இடையில் ஓய்வு எடுத்துக்கொண்டால் வீதிவழியே ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். புகையிரதத்தில் போகிறவர்கள் பலினா என்னும் பட்டினம்வரை போகலாம். அங்கிருந்து பெல்மல்லெட் மேலும் 60 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது, அதற்குப் பேருந்து உண்டு. இங்கிலாந்திலிருந்து வருகிறவர்களுக்கு மேயோ மாவட்டத்திலேயே உள்ள நொக் விமான நிலையம் வசதியானது. பேருந்தில் ஊருக்குப் போய்விடலாம், ஆனால் ஊருக்குள் சுற்றுவதற்கு வாகனமோ துவிச்சக்கர வண்டியோ வேண்டும். பெல்மல்லெட்டிலிருந்து தென்முனையிலுள்ள பிளாக்சொட் கிராமம் சுமார் 20 கிலோமீற்றர்.

அங்கும் நம்மைப் போலவே வீதியின் இடப்பக்கமாகத்தான் வாகனம் ஓட்டுகிறார்கள். ஆகவே நம்மவர்களுக்கு ஓட்டுவதில் தடுமாற்றம் குறைவு. சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தை இங்கேயே பெற்றுக்கொண்டு போங்கள். வாடகை வாகனத்துக்கு வயதுக் கட்டுப்பாடு உண்டு என்பதால் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். சிறு உள்ளூர் வீதிகளில் 2025 பெப்ரவரியிலிருந்து பொதுவான வேக எல்லை மணிக்கு 60 கிலோமீற்றர். மல்லெட்டின் பல வீதிகளில் அந்த வேகமே அதிகம்: இரண்டு வாகனங்கள் ஒன்றையொன்று கடக்க முடியாத அகலம், வளைவுக்கு அப்பால் ஆட்டு மந்தை. எதிரே வருகிற சாரதி ஒரு விரலை உயர்த்துவார். அது முகமன், நீங்களும் உயர்த்துங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மல்லெட்டின் பெரும்பகுதி ஐரிஷ் மொழி பேசும் பிரதேசமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. அத்தகைய பிரதேசங்களில் 2005ஆம் ஆண்டு முதல் வீதிப் பலகைகள் ஊர்ப் பெயர்களை ஐரிஷ் மொழியில் மட்டுமே காட்டுகின்றன. வரைபடத்தில் ஆங்கிலப் பெயரைப் பார்த்துக்கொண்டு பிளாக்சொட்டைத் தேடினால் பலகையில் ‘அன் ஃபோட் டுவ்’ என்றிருக்கும். இரண்டு பெயர்களும் உள்ள வரைபடத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இளைய தலைமுறையைத் தம் மொழியில் பேசவைக்க அந்த மக்கள் படும் பாட்டைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். கோடை விடுமுறையில் நகரப் பிள்ளைகள் அங்கே வந்து, வீடுகளில் தங்கி மொழி படிக்கிறார்கள்.

நான் பல்கலைக்கழக மாணவி. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பயிற்சிக்குப் போகிறேன். மல்லெட்டுக்குப் போக எந்த மாதம் நல்லது? எப்போதும் மழை என்கிறார்களே, உண்மையா?
— வாசகி, வந்தாறுமூலை

மகள், மழையின் அளவைப் பார்த்தால் நமக்குத்தான் அதிகம். மட்டக்களப்பில் ஆண்டுக்கு 1600 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. பெல்மல்லெட்டில் 1200 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். ஆனால் நம் மழையின் பெரும்பகுதி மாரிகாலத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அவர்களுடையதோ பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கிடப்பட்ட மெல்லிய மழை. காற்று அதைப் பக்கவாட்டில் கொண்டுவந்து முகத்தில் அடிப்பதால் குடை பயன்படாது. நல்ல மழைச்சட்டையும் நீர் புகாத சப்பாத்தும் தேவை. இங்கே வைகாசி, ஆனியில் வீசும் கச்சான் போலவே அங்கும் தென்மேற்குக் காற்றுத்தான் பலமானது. நம் கச்சான் மலைநாட்டைக் கடக்கும்போது ஈரத்தை அங்கேயே இறக்கிவிட்டு நம்மிடம் வரண்டும் சூடாகவும் வந்து சேர்கிறது. அவர்களுடைய காற்றைத் தடுக்கும் மலை எதுவும் சமுத்திரத்தில் இல்லை. நனைந்த காற்று அப்படியே வந்து இறங்குகிறது.

மே மாத இறுதியும் ஜூனும் செப்டெம்பரும் நல்ல காலம் என்பேன். ஜூன் நடுப்பகுதியில் காலை ஐந்து மணிக்குச் சற்றுப் பின் விடிந்து, இரவு பத்து மணிக்குப் பின்னர்தான் சூரியன் மறைகிறது. கண்ணகை அம்மன் சடங்கை முடித்து, குளிர்த்தி பாடிய பிறகு புறப்படுகிறவர்களுக்கு இந்தக் காலம் பொருந்தும். அப்போதும் பகல் வெப்பம் 16, 17 பாகை அளவில்தான் இருக்கும். டிசம்பரில் பகல் வெளிச்சம் ஏழரை மணி நேரம் மட்டுமே. பழக்கமில்லாதவர்களுக்கு அந்த இருட்டு மனத்தைச் சோர்வடையச் செய்யும். எனினும் இருட்டுக்காகவே போகிறவர்களும் உண்டு. அருகிலுள்ள தேசியப் பூங்கா 2016ஆம் ஆண்டு சர்வதேச இருள்வான் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, பால்வீதியை அங்கே வெறும் கண்ணால் தெளிவாகப் பார்க்கலாம்.

மே, ஜூன் மாதத்து இரவுகளில் புல்வெளிக்குள்ளிருந்து சீப்பின் பற்களை விரலால் உரசுவது போன்ற ஓர் ஓசை விடாமற் கேட்கும். அது கோர்ன்கிரேக் என்னும் பறவை, நம் கானாங்கோழியின் இனம். ஆபிரிக்காவிலிருந்து பறந்து வந்து புல்லுக்குள் முட்டையிடுகிறது. இயந்திரத்தால் புல் வெட்டத் தொடங்கிய பின்னர் அயர்லாந்தின் பெரும்பகுதியில் அது இல்லாமற் போய்விட்டது. எஞ்சியிருக்கும் சில புகலிடங்களில் மல்லெட் ஒன்று. குஞ்சுகள் வெளியேறும்வரை புல்லை வெட்டாமல் காத்திருக்கும் விவசாயிகளுக்கு உதவித்தொகை கொடுக்கிறார்கள். அதைப் பார்க்கும் ஆசையில் புல்லுக்குள் இறங்கிவிடாதீர்கள். வீதியில் நின்று கேட்டாலே போதும்.

1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி அடித்தபோது எனக்குப் பதினாறு வயது. முன்னறிவிப்பு என்ற ஒன்றின் அருமை எனக்குத் தெரியும். பிளாக்சொட்டிலிருந்து போன ஒரு வானிலை அறிக்கை இரண்டாம் உலகப் போரின் நாளையே மாற்றியது என்று எழுதியிருந்தீர்கள். விரிவாகச் சொல்ல முடியுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், களுவாஞ்சிக்குடி

ஐயா, மல்லெட்டுக்குப் போகிறவர்கள் தவறாமல் அறிந்துகொண்டு போக வேண்டிய செய்தி இது. நமக்குத் தாழமுக்கங்கள் வங்காள விரிகுடாவில் உருவாகிக் கிழக்கிலிருந்து வருகின்றன. மேற்கு ஐரோப்பாவுக்கு அவை அத்திலாந்திக்கைக் கடந்து மேற்கிலிருந்து வருகின்றன. ஐரோப்பாவின் மேற்கு விளிம்பில் இருக்கும் பிளாக்சொட் அவற்றின் வருகையை முதலில் உணரும் இடங்களுள் ஒன்று. போரின்போது அயர்லாந்து நடுநிலை நாடு. அப்படியிருந்தும் தன் வானிலை அவதானிப்புகளை அது பிரித்தானியாவுக்குத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தது.

பிளாக்சொட்டில் தபால் நிலையமே வானிலை நிலையமாகவும் இயங்கியது. கெரி மாவட்டத்திலிருந்து தபால் நிலைய உதவியாளர் வேலைக்கு வந்த மொறீன் ஃபிளவின் என்னும் இளம்பெண்ணுக்கு, அங்கே வந்த பிறகுதான் வாயுவமுக்கமானியைப் பார்த்துப் பதிவதும் தன் வேலையின் பகுதி என்று தெரிந்தது. 1944 ஜூன் 3ஆம் திகதி அவருடைய இருபத்தோராவது பிறந்தநாள். அன்றைய இரவு வேலையில், அதிகாலை ஒரு மணிக்கு எடுத்த அளவீட்டில், புயல் வருவதற்கு அறிகுறியாக வாயுவமுக்கம் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. அதை அவர் வழமைபோல அனுப்பினார். பின்னர் ஆங்கிலேய உச்சரிப்பில் பேசிய ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, அளவீட்டைச் சரிபார்த்துத் திரும்பச் சொல்லும்படி கேட்டார். ஏதோ பிழைவிட்டோமோ என்று அஞ்சிய மொறீன், வெளிச்சவீட்டுக் காவலர் டெட் சுவீனியோடு சேர்ந்து மறுபடியும் பார்த்தார். அளவீடு சரியாகவே இருந்தது.

நேச நாடுகளின் படைகள் நோர்மண்டிக் கரையில் இறங்குவதற்கு ஜூன் 5ஆம் திகதி குறிக்கப்பட்டிருந்தது. தலைமை வானிலையாளர் ஜேம்ஸ் ஸ்டாக், புயல் வருகிறது என்று ஜெனரல் ஐசனோவரிடம் எடுத்துரைத்ததால் தரையிறக்கம் ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டது. ஜூன் 4ஆம் திகதி நண்பகலில் பிளாக்சொட்டிலிருந்து போன அறிக்கை வானம் தெளிவதைக் காட்டியது. 6ஆம் திகதி ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான படையினர் இறங்கினார்கள். அந்த ஓர் அறிக்கையே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று சொல்வது மிகையாகும். கப்பல்களிலிருந்தும் வேறு நிலையங்களிலிருந்தும் வந்த தகவல்களையும் சேர்த்தே வரைபடம் போட்டார்கள். ஆனால் திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்தும் அளவுக்கு அதற்கு எடை இருந்தது. தன் அறிக்கை எங்கே போய்ச் சேர்ந்தது என்பது மொறீனுக்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் தெரியாது. அவர் டெட் சுவீனியை மணந்து அந்தக் கரையிலேயே வாழ்ந்தார். 2021இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அவரைக் கௌரவித்தது. 2023 டிசம்பரில் நூறு வயதில் காலமானார்.

1864இல் கட்டிய பிளாக்சொட் வெளிச்சவீட்டை இப்போது வழிகாட்டியோடு உள்ளே போய்ப் பார்க்கலாம். பாலமீன்மடுவில் நாம் காணும் வெளிச்சவீட்டைப் போல அது உருண்டு உயர்ந்ததன்று. கருங்கல்லால் ஆன சதுரமான, கட்டையான கட்டடம். கடலோரத்து வீடொன்றின் கூரைமேல் விளக்குக்கூண்டை வைத்தது போன்ற தோற்றம். நீங்கள் போனால் ஒரு மணி நேரமாவது அங்கே செலவிடுங்கள்.

சுனாமிக்குப் பிறகு நாவலடியை விட்டுத் திராய்மடுவில் குடியேறினோம். மல்லெட்டுக்கு அருகே, மக்கள் விட்டுவந்த தீவுகள் உண்டு என்று எழுதியதைப் படித்தோம். அவர்கள் ஏன் விட்டுவந்தார்கள்? இப்போது அங்கே யாரும் போகலாமா?
— வாசகர், திராய்மடு

தீபகற்பத்தின் மேற்கே, கண்ணுக்கு எட்டும் தொலைவில் இனிஷ்கீ என்ற பெயரில் இரண்டு தாழ்ந்த தீவுகள் இருக்கின்றன. உருளைக்கிழங்கு பயிரிட்டும் ஆடுமாடு வளர்த்தும் மீன் பிடித்தும் ஒரு சமூகம் அங்கே வாழ்ந்தது. 1908 முதல் சில ஆண்டுகள் நோர்வேக்காரர்கள் அங்கே திமிங்கில எண்ணெய் எடுக்கும் நிலையமொன்றை நடத்தியதால் கூலிவேலையும் கிடைத்தது. அவர்களுடைய படகின் பெயர் கறாக். மெல்லிய மரச்சட்டங்களின் மேல் துணியை இழுத்துப் போர்த்து, தார் பூசிச் செய்வது. இரண்டு மூன்று பேர் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கரையேற்றக்கூடிய அளவுக்கு அது இலேசானது. அலை ஏறி இறங்கும்போது அதுவும் கூடவே ஏறி இறங்கும், ஆனால் பெருங்காற்றில் அதைப் பிடித்து நிறுத்த முடியாது.

1927 அக்டோபர் 28ஆம் திகதி மாலை கடல் அமைதியாக இருந்தது. இரவு மீன்பிடிக்கு இளைஞர்கள் கறாக்குகளில் போனார்கள். எச்சரிக்கை ஏதுமின்றி எழுந்த புயல் அயர்லாந்தின் மேற்குக் கரையில் பல ஊர்களைச் சேர்ந்த மீனவர்களைக் கொண்டுபோயிற்று. இனிஷ்கீயைச் சேர்ந்தவர்கள் மட்டும் பத்துப் பேர். சிறிய தீவில் பத்து இளைஞர்கள் என்றால், ஒரு தலைமுறையின் துடுப்புப் பிடிக்கும் கைகள் என்று பொருள். எஞ்சியவர்கள் தம்மைப் பெருநிலத்தில் குடியேற்றும்படி கேட்டார்கள். 1930களில் தீவுகள் காலியாகின. அரசாங்கம் அவர்களுக்கு மல்லெட்டின் மேற்குக் கரையில் காணியும் வீடும் கொடுத்தது. அந்த வீடுகளிலிருந்து பார்த்தால் விட்டுவந்த தீவுகள் எதிரே தெரிகின்றன.

ஒரு புயல் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தீவில் வைத்தியர் இல்லை, பலத்த காற்றடித்தால் வாரக்கணக்கில் போக்குவரத்து இல்லை, இளையவர்கள் ஏற்கெனவே வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். 1927இன் இரவு முடிவை விரைவுபடுத்தியது என்பதே சரி. தெற்குத் தீவின் துறைக்கு மேலே கூரையில்லாத கல்வீடுகள் கடலைப் பார்த்தபடி இன்னும் நிற்கின்றன. ஆடுகள் உள்ளே படுத்திருக்கும். ஆதிக் கிறிஸ்தவக் காலத்தில் செதுக்கிய சிலுவைக் கற்களும் உண்டு. குளிர்காலத்தில் கிரீன்லாந்திலிருந்து வரும் காட்டுவாத்துகள் ஆயிரக்கணக்கில் மேய்கின்றன, கடல்நாய்கள் குட்டியீனுகின்றன. கோடையில் பார்க்கப் போகலாம். வீடுகளின் சந்ததியார் அருகிலேயே வாழ்கிறார்கள் என்பதால், அடுப்படிக் கல்லின்மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

என் பிள்ளைகள் மூவரும் கனடாவிலும் சுவிசிலும். ஐரிஷ்காரரும் நம்மைப் போல் உலகெங்கும் சிதறியவர்கள் என்கிறார்கள். மல்லெட்டில் அதன் தடயம் ஏதும் உண்டா?
— வாசகி, தம்பிலுவில்

1841இல் அயர்லாந்தின் சனத்தொகை 80 இலட்சத்துக்கு மேல். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு கருகல் நோய் அழிக்கத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். இன்னும் 10 இலட்சம் பேர் அளவில் நாட்டை விட்டுப் போனார்கள். எரிஸ் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. பிளாக்சொட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது அதற்குப் பிந்திய ஒரு நிகழ்வின் நினைவிடம். 1883, 1884ஆம் ஆண்டுகளில் ஜேம்ஸ் ஹக் டியூக் என்னும் கொடையாளரின் நிதியத்தால், 3000க்கும் மேற்பட்டோர் குடும்பம் குடும்பமாகப் பிளாக்சொட் குடாவிலிருந்தே கப்பலேற்றி வட அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரிய கப்பல் கரையணைய முடியாததால் சிறு படகுகளில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். துறைமுகத்தருகே அவர்களுக்கென்று ஒரு நினைவுத் தோட்டம் இருக்கிறது. பொஸ்டனிலிருந்து கொள்ளுப்பேரர்கள் வந்து தம் குடும்பப் பெயரைத் தேடுகிறார்கள். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகக்கூடிய நிலை உங்களுக்கு வாய்க்குமானால், இந்த இடத்துக்கே முதலில் போங்கள்.

ஹலால் உணவு கிடைக்குமா? தொழுகைக்கு வசதி உண்டா?
— வாசகர், அக்கரைப்பற்று

மல்லெட்டில் பள்ளிவாசல் இல்லை. அதே மேயோ மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்திலுள்ள பலிஹோனிஸ் பட்டினத்தில் 1987இல் கட்டப்பட்ட பள்ளிவாசல் உண்டு. அங்கே ஹலால் இறைச்சித் தொழிற்சாலை வந்ததையொட்டி ஒரு முஸ்லிம் சமூகம் உருவாகியது. டப்ளினிலிருந்து வாகனத்தில் வருகிறவர்கள் வழியில் அங்கே இறங்கி ஜும்ஆவுக்கும் போகலாம், இறைச்சியும் வாங்கிக்கொள்ளலாம். பின்னர் சமையலறையோடு கூடிய வாடகை வீட்டை எடுத்துக்கொண்டால் கவலையில்லை. புதிய மீனும் நண்டும் கிடைக்கும், கும்பளாவின் இனத்து மீன் கோடையில் நிறையப் பிடிபடும். அரிசியும் பருப்பும் பெரிய பட்டினங்களின் பேரங்காடிகளில் உண்டு. மிளகாய்த்தூளை இங்கிருந்தே கொண்டுபோங்கள். இறைச்சியும் பால் உணவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கொண்டுபோகத் தடை. ஜூனில் இஷா நேரம் நள்ளிரவை ஒட்டி வரும், ஃபஜ்ர் அதற்குப் பின் சில மணி நேரத்திலேயே வந்துவிடும் என்பதையும் மனத்திற் கொண்டு நாளைத் திட்டமிடுங்கள். தேநீரைப் பற்றிக் கவலை வேண்டாம். கடும் சாயத்தில் பால் விட்டுக் குடிப்பதில் அவர்கள் நமக்குச் சளைத்தவர்கள் அல்லர்.

மீன்பாடும் தேன்நாடான நம் மட்டக்களப்பைப் போல அங்கும் நீரிலிருந்து பாட்டுக் கேட்கும் கதை உண்டாமே? பழைய கோயில்கள் ஏதும் இருக்கின்றனவா?
— வாசகர், காரைதீவு

உண்டு. லிர் என்னும் தலைவனுடைய நான்கு பிள்ளைகளைச் சிற்றன்னை பொறாமையால் அன்னங்களாக மாற்றிவிடுகிறாள். மனிதக் குரலும் பாடும் வரமும் மட்டும் அவர்களிடம் எஞ்சுகின்றன. ஓர் ஏரியில் 300 ஆண்டுகளும், அயர்லாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் இடையிலுள்ள கடலில் 300 ஆண்டுகளும், இறுதி 300 ஆண்டுகள் எரிஸ் கரையிலும் அவர்கள் கழிக்கிறார்கள். மணியோசை கேட்டுச் சாபம் நீங்குவது மல்லெட்டுக்கு எதிரேயுள்ள இனிஷ்குளோரா என்ற குட்டித் தீவில் என்பது அந்தப் பகுதி மக்களின் மரபு. நம் வாவியில் பௌர்ணமி இரவில் துடுப்பை நீருக்குள் விட்டுக் காதை வைத்துக் கேட்டவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது.

தெற்கே ஃபோல்மோர் என்னும் இடத்தில், புனித டெர்வ்லாவின் பெயரிலுள்ள சிறிய கற்கோயில் இடிந்த நிலையில் நிற்கிறது. அதன் ஒடுங்கிய யன்னலுக்குள்ளால் மூன்று முறை புகுந்து வந்தவர் ஒருபோதும் நீரில் மூழ்கிச் சாகமாட்டார் என்பது அங்குள்ள நம்பிக்கை. கடலுக்குப் போகும் ஆண்களை நினைத்துக் கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வைக்கும் வீடுகளில் வளர்ந்த நாம், இதை மரியாதையோடுதான் பார்க்க முடியும். சுற்றிலும் கல்லறைகள் உள்ளதால் மெதுவாகப் பேசுங்கள்.

தனியாக நடப்பது ஆபத்தா?
— வாசகர், வாழைச்சேனை

மனிதரால் ஆபத்து மிகக் குறைவு. கடலால் உண்டு. வடமுனையான எரிஸ் ஹெட்டில் சுமார் 5 கிலோமீற்றர் நீளமான வட்டப்பாதை இருக்கிறது. தெளிந்த நாளில் அதைவிடச் சிறந்த நடை அந்தக் கரையில் இல்லை என்பேன். பாறை விளிம்பில் வேலி கிடையாது, புல் ஈரமாக இருந்தால் கால் வழுக்கும். அங்கிருந்து பார்க்கும்போது ஈகிள் தீவின் வெளிச்சவீடு தெரியும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 67 மீற்றர் உயரத்திலிருந்த அதன் விளக்கறையை 1861 மார்ச் 11ஆம் திகதி ஓர் அலை தாக்கி 23 கண்ணாடிகளை நொறுக்கியது. கோபுரத்துக்குள் நிறைந்த நீரின் அழுத்தத்தால் கதவைத் திறக்க முடியாமல், காவலர்கள் அதில் துளையிட்டு நீரை வெளியேற்றினார்கள். ‘இந்த உயரத்துக்கு அலை வராது’ என்று எண்ணுகிறவர்கள் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

காப்பாற்ற வருகிறவர்களுக்கும் அந்தக் கடல் எளிதன்று. 2017 மார்ச் 14 அதிகாலை, மீட்புப் பணியொன்றின்போது எரிபொருள் நிரப்பப் பிளாக்சொட்டை நோக்கி வந்த கடலோரக் காவற்படையின் ஹெலிகொப்டர், பிளாக்ரொக் தீவில் மோதி, அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தார்கள். அந்த ஊர் மக்கள் வாரக்கணக்காகத் தம் படகுகளோடு தேடலில் நின்றார்கள். அவர்களைத் தேவையின்றி வெளியே அழைக்கும் நிலையை நாம் உண்டாக்கக் கூடாது. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். அவசர இலக்கம் 112. பாதைகள் பலவும் தனியார் காணிக்குள்ளால் செல்பவை. நீங்கள் திறந்த படலையை மூடிவிடுங்கள், நாயைக் கூட்டிப்போகாதீர்கள்.

அறுகம்பையில் அலைச்சறுக்குப் பழகியவன் நான். அங்கே முடியுமா?
— வாசகர், பொத்துவில்

முடியும் தம்பி, ஆனால் கோடையிலும் கடல்நீர் 15 பாகை அளவில்தான் இருக்கும். குளிர்தாங்கும் இறப்பர் உடை இல்லாமல் இறங்காதீர்கள். மேற்குக் கரையில் அலை பெரிது, உயிர்காப்பாளர் எல்லா இடத்திலும் இல்லை. குடாப் பக்கமுள்ள எலி பே அமைதியானது, படகோட்டப் பழகவும் ஏற்றது. முதல் நாள் அங்கே இறங்கி உடலைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

இனிஷ்கீ தீவுக்குப் படகை எப்படி ஒழுங்கு செய்வது? முன்பதிவு செய்தால் உறுதியாகக் கூட்டிப்போவார்களா?
— வாசகி, ஆரையம்பதி

உறுதி இல்லை. கோடையில் பிளாக்சொட் துறைமுகத்திலிருந்து உள்ளூர்ப் படகுக்காரர்கள் கூட்டிப்போகிறார்கள். முன்பதிவு செய்தாலும் அன்றைய அலையே முடிவு செய்யும். பெருங்கப்பல் நிற்கும் இறங்குதுறை தீவில் இல்லை. உங்கள் தங்கலின் முதல் நாளுக்கே படகைக் கேளுங்கள், கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். தவறினால் எஞ்சிய நாட்களில் ஒன்று பொருந்தும். தீவில் கடை இல்லை, குடிநீர் இல்லை, ஒதுங்குவதற்குக் கூரை இல்லை. சாப்பாடும் தண்ணீரும் மழைச்சட்டையும் கொண்டுபோய், குப்பை அனைத்தையும் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

முதல் நாள் மாலை ஒரு முறையும் அன்று காலை ஒரு முறையும் படகுக்காரரோடு பேசுங்கள். வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே அவர் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லக்கூடும். வெளியே எழும்பும் நீண்ட அலையை அவர் கணக்கிட்டிருப்பார். அதிகப் பணம் தருகிறோம் என்றோ, வேறு படகைப் பார்க்கிறோம் என்றோ அவரை நெருக்க வேண்டாம். நாளைக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள்.